கழுத்துச் சிரையை விரிப்பதா, மருந்தைத் தொடர்வதா? எம்.எஸ். உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். அது உள்ளவர் இருக்கும் வீட்டில் யாராவது இணையத்தில் தேடத் தொடங்கினால் சீக்கிரமே இந்தப் பேச்சு கண்ணில் பட்டுவிடும்: கழுத்தில் உள்ள சிரை சுருங்கியிருக்கிறது, மூளையிலிருந்து ரத்தம் சரியாக இறங்கவில்லை, பலூன் வைத்து விரித்துவிட்டால் நோய் தணிந்துவிடும். 2009-ல் கிளம்பிய பேச்சு இது. சிகிச்சை முடிந்து வந்தவர்கள் கை கால் சூடாகிவிட்டது, தலை தெளிந்துவிட்டது, நடை வந்துவிட்டது என்று சொல்லும் வீடியோக்கள் அப்போது ஏராளமாக வந்தன. பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஒருபக்கம் ஆயுள் முழுக்க ஊசியும் மாத்திரையும். மறுபக்கம் ஒரே நாளில் முடிந்துவிடும் ஒரு சின்னச் சிகிச்சை. எதை எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.ஸுக்காகக் கழுத்துச் சிரையை விரிக்கும் சிகிச்சை வேண்டாம். அந்தப் பணமும் தெம்பும் வேறு இடத்தில் செலவானால் நிச்சயமான பலன் உண்டு. என் அக்காவுக்கு எம்.எஸ். இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது, இதே வாக்குவாதம் நடந்தது. அதனால் வெறுமனே "ஏமாற்று வேலை" என்று ஒதுக்கித் தள்ளாமல், ஒவ்வொரு வழியும் எதைத் தரும், எதைத் தராது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சிரைக் கதை எங்கிருந்து வந்தது

இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தில் ரத்தக்குழாய் அறுவை நிபுணராக இருந்தவர் பாவ்லோ சம்போனி. கால் சிரைகளில் ரத்தம் தேங்கினால் தோல் கறுத்து, இரும்புச் சத்து படிந்து, ஆறாத புண் வருவதை ஆராய்ந்தவர். அவருடைய மனைவிக்கு எம்.எஸ். வந்தது. காலில் நடப்பதுபோல மூளையிலும் நடக்குமா என்று யோசித்தார். மூளை, தண்டுவடத்திலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கழுத்துச் சிரைகளும் மார்புக்குள் உள்ள அசைகஸ் சிரையும் சுருங்கியிருந்தால் ரத்தம் பின்னோக்கி ஓடும், இரும்பு படியும், அதனால் அழற்சி வரும் என்பது அவர் கருத்து. ஆங்கில எழுத்துகளில் சி.சி.எஸ்.வி.ஐ. என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இது ஒன்றும் கிறுக்குத்தனமான யோசனை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எம்.எஸ். தழும்புகள், அதாவது நோய் தாக்கிச் சேதமான இடங்கள், மூளையில் சிறு சிரைகளைச் சுற்றியே உருவாகின்றன. 1868-ல் பாரிஸில் ஷார்கோ இந்த நோயைத் தனி நோயாக விவரித்த காலத்திலிருந்தே தழும்பின் நடுவில் ரத்தக்குழாய் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இன்று எம்.ஆர்.ஐ.யில் அந்த நடுச் சிரை தெரிகிறதா என்று பார்ப்பது நோயை உறுதிசெய்யவே உதவுகிறது. ஆனால் சிரையைச் சுற்றித் தழும்பு வருவதற்கு, ரத்தத்திலுள்ள நோயெதிர்ப்பு செல்கள் அந்தச் சிறு சிரைகளின் சுவரைத் தாண்டித்தான் மூளைக்குள் நுழைகின்றன என்பதே போதுமான காரணம். கழுத்தில் அடைப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை.

2009-ல் சம்போனி இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார். முதலாவதில், 65 எம்.எஸ். நோயாளிகள் அத்தனை பேருக்கும் சிரைக் கோளாறு இருந்தது, ஒப்பிட்ட மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை என்றார். நூற்றுக்கு நூறு. மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான விடை வந்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும். இரண்டாவதில், அந்த 65 பேருக்கும் பலூன் சிகிச்சை செய்து ஒன்றரை வருடம் கவனித்தார். அட்டாக், அதாவது நரம்புக் கோளாறின் அறிகுறிகள் திடீரென்று கிளம்புவது, வந்து வந்து போகும் வகை நோயாளிகளில், அட்டாக் இல்லாமல் இருந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆனால் அதே கட்டுரையில், விரித்த கழுத்துச் சிரைகளில் 47 சதவீதம் மறுபடி சுருங்கிவிட்டதாகவும் இருந்தது. ஒப்பிடுவதற்குச் சிகிச்சை பெறாத குழு கிடையாது. நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும், யாருக்கு என்ன செய்யப்பட்டது என்று. அட்டாக் வகை எம்.எஸ். இயல்பாகவே ஏறி இறங்கும் நோய். மோசமான காலத்தில்தான் எவரும் சிகிச்சை தேடிப் போவார்கள். அடுத்து வரும் மாதங்கள், ஒன்றும் செய்யாவிட்டாலும், பல பேருக்குக் கொஞ்சம் நல்லபடியாகத்தான் இருக்கும்.

அந்த ஆண்டு நவம்பரில் கனடாவின் சிடிவி தொலைக்காட்சி இதை "விடுதலைச் சிகிச்சை" என்ற பெயரில் ஒளிபரப்பியது. எம்.எஸ். மிக அதிகமாக உள்ள நாடுகளில் கனடாவும் ஒன்று. உள்நாட்டில் மருத்துவர்கள் செய்ய மறுத்ததால் போலந்து, கோஸ்டாரிகா, மெக்சிகோ என்று ஆயிரக்கணக்கானோர் பறந்தார்கள். நம் இந்திய மருத்துவமனைகள் சிலவும் அவர்களுக்காகக் கடை விரித்தன. வீட்டை அடகு வைத்தும் ஊர் கூடி நிதி திரட்டியும் போனவர்கள் உண்டு.

சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கிறது

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, இதயத்தின் வலப்பக்கத்தைத் தாண்டிக் கழுத்துவரை கொண்டுபோகிறார்கள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே திரையில் சிரையின் உருவத்தைப் பார்க்கிறார்கள். குறுகலான இடத்தில் பலூனை ஊதுகிறார்கள். கழுத்தில் அழுத்தமாக ஒரு வலி தெரியும். பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நோயாளி அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். பிறகு சில காலம் ரத்தம் உறையாமலிருக்க மருந்து.

இதயத் தமனி அடைப்புக்குச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டி மாதிரிதானே என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது. தமனிக்குக் கெட்டியான சுவர் உண்டு, உள்ளே அழுத்தம் அதிகம், அடைப்பு என்பது படிந்த கொழுப்பு. கழுத்துச் சிரை அப்படி இல்லை. மெல்லிய சுவர். நாம் படுத்திருக்கும்போது மூளையின் ரத்தத்தில் பெரும்பகுதி அது வழியாக இறங்கும். எழுந்து உட்கார்ந்தால் அது சப்பையாகிவிடும், ரத்தம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலை வழியாக இறங்கத் தொடங்கும். மூச்சை இழுத்தால் ஒரு அளவு, முக்கினால் வேறு அளவு, தலையைத் திருப்பினால் இன்னொரு அளவு. இப்படிப்பட்ட குழாயில் "பாதிக்கு மேல் சுருக்கம்" என்று எந்த நேரத்தில், எந்த நிலையில் சொல்வது? அல்ட்ராசவுண்ட் கருவியைக் கையில் பிடித்திருப்பவர் கொஞ்சம் அழுத்தினாலே சிரை சுருங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும் பழைய பெரிய அறுவையில் அந்தப் பக்கத்துக் கழுத்துச் சிரையையே கட்டி வெட்டி எடுத்துவிடுவார்கள். முகம் கொஞ்ச காலம் வீங்கும், தலை கனக்கும். எம்.எஸ். வருவதில்லை. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டுப் போட்டுச் சிரை அடைத்துப்போனவர்களுக்கும் அப்படித்தான். சிரை சுருக்கம் எம்.எஸ்.ஸை உண்டாக்கும் என்றால் இவர்களிடம்தான் அது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பலூனைச் சோதித்துப் பார்த்தபோது

எல்லோருக்கும் கடைசியில் ஒரே கேள்விதான்: வேலை செய்கிறதா, இல்லையா? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. நோயாளிகள் போராடியதால்தான் அந்தப் பதில் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. கனடா அரசு பணம் ஒதுக்கியது அவர்கள் கொடுத்த அழுத்தத்தால்தான்.

முதலில், சுருக்கம் எம்.எஸ். நோயாளிகளிடம் அதிகமா என்று பார்த்தார்கள். இத்தாலியிலேயே 1,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய அல்ட்ராசவுண்ட் ஆய்வு நடந்தது. 2013-ல் வெளியான அதன் முடிவு: எம்.எஸ். உள்ளவர்களில் 3.26 சதவீதம், ஆரோக்கியமானவர்களில் 2.13 சதவீதம். நூற்றுக்கு நூறு எங்கே, மூன்று எங்கே? அதே ஆண்டு கனடாவில், எம்.எஸ். உள்ளவர்கள், அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், உறவில்லாத ஆரோக்கியமானவர்கள் என்று மூன்று குழுவுக்கும் குழாய் ஏற்றிச் சாயம் செலுத்திப் பார்த்தார்கள். சோதனை முறையும் அளவுகோலும் வேறு என்பதால் இங்கே எண்கள் பெரியவை. பாதிக்கு மேல் சுருங்கிய சிரை எம்.எஸ். உள்ளவர்களில் 74 சதவீதம், உடன்பிறந்தவர்களில் 66, மற்றவர்களில் 70. அதாவது கழுத்துச் சிரை சுருங்கியிருப்பது நம்மில் பத்தில் ஏழு பேருக்குச் சாதாரணம். உங்களுக்கு ஸ்கேன் எடுத்து "இதோ பாருங்கள், சுருக்கம்" என்று ஒருவர் திரையில் காட்டினால், அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் துணைக்கு வந்தவருக்கு எடுத்தாலும் அதேதான் தெரிந்திருக்கும்.

எங்கள் அத்தான் கேட்டது இதைத்தான்: "பலூன்தானே தம்பி, ஒருவாட்டி செஞ்சு பாத்துட்டா மனசு ஆறிடும்ல?" நான் அவருக்குச் சொன்னது கனடாவின் அடுத்த ஆய்வைப் பற்றி. வான்கூவர், வின்னிபெக், மான்ட்ரியல், கியூபெக் நகரங்களில் 104 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் சுருக்கம் உள்ளவர்கள், எல்லோரும் அதே மேசையில் படுத்தார்கள், எல்லோருக்கும் குழாய் ஏற்றப்பட்டது. 49 பேருக்குப் பலூன் ஊதினார்கள், 55 பேருக்குக் குழாயை மட்டும் சுருக்கத்தைத் தாண்டிச் செலுத்தி எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. பொய்ச் சிகிச்சை பெற்றவர்கள் ஏமாந்துபோகக் கூடாது என்பதற்காக, 48 வாரம் கழித்து இரு குழுவையும் மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத் தரத்தை அளந்தபோது உடல்நல மதிப்பெண் பலூன் குழுவில் 1.3, பொய்ச் சிகிச்சைக் குழுவில் 1.4 கூடியிருந்தது. எம்.ஆர்.ஐ.யிலும் வித்தியாசம் இல்லை. 2017-ல் முடிவை அறிவித்தார்கள். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ ஊதாதவங்களுக்கும் நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சுதா?" என்று கேட்டார். ஆமாம். அவர்கள் சொன்னதும் உண்மைதான். நம்பிக்கையோடு ஒரு சிகிச்சைக்குப் போய்த் திரும்பினால் களைப்பு குறையும், உற்சாகம் வரும். வீடியோவில் பேசியவர்கள் யாரும் நடிக்கவில்லை. அந்த மாற்றம் பலூனால் வந்ததில்லை, அவ்வளவுதான்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடித்துவைத்தது இத்தாலியில் சம்போனியே முன்னின்று நடத்திய ஆய்வுதான். அட்டாக் வகை நோயாளிகள் 115 பேர். 76 பேருக்குப் பலூன், 39 பேருக்குப் பொய்ச் சிகிச்சை. நடை, சமநிலை, கைவேலை, சிறுநீர், பார்வை என்று பலவற்றையும் சேர்த்து அளந்தார்கள். பலூன் குழுவில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு முன்னேற்றம், பொய்ச் சிகிச்சைக் குழுவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. இந்தச் சிகிச்சை பெரும்பாலும் பயனற்றது, எம்.எஸ். நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று 2017-ல் அவர் பெயரிலேயே கட்டுரை வந்தது. தன் மனைவியின் நோயிலிருந்து தொடங்கிய ஒரு நம்பிக்கையைத் தானே சோதித்து, தோற்றதைத் தானே எழுதினார். அந்த நேர்மைக்கு என் மரியாதை உண்டு. ஆனால் அவரே வேண்டாம் என்று சொன்ன பிறகும் இதை விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2019-ல் இதைச் செய்யக் கூடாது என்றே வழிகாட்டுதல் கொடுத்தது.

ஸ்டென்ட் என்றால் இன்னும் மோசம்

பலூன் விரித்தது மறுபடி சுருங்குவதால் சில மையங்கள் உலோக வலைக் குழாயை, அதாவது ஸ்டென்டை, உள்ளேயே வைத்தன. பலூன் பயனில்லாதது என்றால் இது ஆபத்தானது. தமனி போகப் போகக் குறுகும், அதனால் கழன்ற ஸ்டென்ட் எங்காவது மாட்டி நின்றுவிடும். சிரை இதயத்தை நோக்கிப் போகப் போக அகலமாகும். நழுவினால் நேராக இதயத்துக்குள்தான் போய் விழும். 2009-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கு அப்படியே நடந்து நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டியிருந்தது. இன்னொருவர் ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்தார். அங்கே அதோடு நிறுத்திவிட்டார்கள். 2010-ல் கோஸ்டாரிகா போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கனடாக்காரர் ஒருவர், அதில் ரத்தம் உறைந்து உயிரிழந்தார். 2012 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இறப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் நழுவுதல், ரத்தக்கட்டி, நரம்புச் சேதம் என்று பட்டியலிட்டுப் பொதுமக்களை எச்சரித்தது. தானியங்கி நரம்புக் கோளாறுக்கான (இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாகக் கவனிக்கும் நரம்புகளின் கோளாறு) சிகிச்சை என்ற புதுப் பெயரில் அதே பலூன் வேலை தொடர்ந்ததால் 2017 மார்ச்சில் இன்னொரு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. பெயர் எதுவானாலும் கழுத்துச் சிரைக்குள் பலூன் என்றால் அது இதுதான்.

மறுபக்கத்தில் இருப்பது என்ன

மருந்துகளைப் பற்றி மக்களுக்கு ஒரு மனக்குறை உண்டு: "இவ்வளவு போட்டும் காலில் பலம் திரும்பவில்லையே." அது நியாயமான குறைதான், ஆனால் மருந்துகள் அதற்காகத் தயாரிக்கப்பட்டவை இல்லை. இனி வரப்போகும் அட்டாக்கைத் தடுப்பதும் புதுத் தழும்பு விழாமல் பார்ப்பதும்தான் அவற்றின் வேலை. வராமல் போன அட்டாக்கை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. பலூன் விற்பவர்களுக்கு வசதியாகப் போனதும் இதனால்தான்.

1993-ல் முதல் இன்டர்ஃபெரான் ஊசி வந்தபோது கையில் இருந்தது அது ஒன்றே. அட்டாக்கைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இன்று அந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். நாட்டலிசுமாப் என்ற மருந்து, வெற்று மருந்தோடு (மருந்துச் சத்து இல்லாத போலி) ஒப்பிட்டபோது அட்டாக்கை 68 சதவீதம் குறைத்தது. ஜே.சி. வைரஸ் உடலில் உள்ளவர்களுக்குப் பி.எம்.எல். என்ற ஆபத்தான மூளைத் தொற்று வரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் தருவார்கள். பி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைக் குறிவைக்கும் ஆக்ரெலிசுமாப், ஒஃபாட்டுமுமாப் போன்றவையும் அட்டாக் வகைக்கு மிக நல்ல பலன் தருகின்றன.

நம் ஊர்க் கணக்கில் பேசினால் ரிட்டுக்சிமாப்தான் முக்கியம். புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வந்த மருந்து. 2007-லேயே இந்திய நிறுவனம் ஒன்று இதன் மாற்றுத் தயாரிப்பைக் கொண்டுவந்துவிட்டதால் மேலைநாட்டு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் நடந்த ஆய்வில் இரண்டு ஆண்டுகளில் ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதத்தினருக்கும், டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கும் அட்டாக் வந்தது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கு முதல்முறையாக மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தபோது ரிட்டுக்சிமாப் அதில் இடம்பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் டிரிப்ஸ் ஏற்றுவது பொதுவான வழக்கம். ஆனால் தொடங்கும் முன் காசநோயும் ஹெப்படைட்டிஸ் பி.யும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். பதுங்கியிருக்கும் ஹெப்படைட்டிஸ் பி. இந்த மருந்தால் கிளம்பி வரக்கூடும். பரிசோதனைக்கு ஆகும் சின்னச் செலவைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை என்று இன்னொன்று உண்டு. கீமோ கொடுத்து நோயெதிர்ப்பு அமைப்பைத் துடைத்துவிட்டு, முன்பே எடுத்துவைத்த நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள். 2019-ல் வெளியான ஆய்வில் 110 பேரில் பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு மருந்தையும் கொடுத்தார்கள். ஸ்டெம் செல் குழுவில் 3 பேருக்கும் மருந்துக் குழுவில் 34 பேருக்கும் நோய் முற்றியது. பிரமாதமான முடிவு. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்தும் அடிக்கடி அட்டாக் வந்துகொண்டிருந்தவர்கள். பல ஆண்டுகளாக அட்டாக்கே இல்லாமல் மெல்ல மெல்ல நடை தேய்ந்துகொண்டிருப்பவருக்கு இதில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், தொற்றுக்கு வாரக்கணக்கில் பயப்பட வேண்டும். பலூன் போல "செய்து பார்ப்போம்" என்று இறங்கும் விஷயம் இல்லை. அப்புறம், தொப்புள்கொடி செல், கொழுப்பு செல் என்று ஊசி போடும் கடைகளுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: நோய் எம்.எஸ்.தானா? ஆசியர்களிடம், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற ஒத்த நோய், எம்.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் மேலைநாட்டினரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருள் என்ற ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நாட்டலிசுமாப் ஆகிய எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும். எங்கள் அக்காவுக்கு இந்தப் பரிசோதனை செய்த பிறகுதான் மருந்து முடிவானது. இரு கண்ணிலும் கடுமையான பார்வை இழப்பு, நிற்காத விக்கல், வாந்தி, தண்டுவடத்தில் நீளமான தழும்பு என்றெல்லாம் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அட்டாக் இல்லாமல் தேய்ந்துகொண்டிருப்பவர்கள்

கனடாவிலிருந்து பறந்தவர்களில் நிறையப் பேர் இந்த நிலையில் இருந்தவர்கள்தான். மருத்துவர் அறையில் "உங்களுக்குத் தர மருந்து ஒன்றுமில்லை" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல முற்றும் வகைக்கு 2017-ல்தான் ஆக்ரெலிசுமாப் முதல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதன் ஆய்விலும், மூன்று மாதம் நீடித்த முடக்கம் கூடியவர்கள் வெற்று மருந்தில் 39.3 சதவீதம், இதில் 32.9 சதவீதம். இருக்கிறது, ஆனால் சிறிய வித்தியாசம். இதைப் பெரிதாக்கிச் சொல்வதும் தவறு.

இவர்களுக்கு நான் பலூனுக்கு எதிரே வைப்பது அறிகுறிகளைக் கவனிக்கும் சிகிச்சையை. கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வந்தது இங்கேதான். அக்காவுக்கு இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருந்தது. பகல் முழுக்கக் களைப்பு. எல்லாம் நோய்தான் என்று நினைத்திருந்தோம். சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்தார்கள். நிறைய இருந்தது. ஒரு செவிலியர் பொறுமையாக உட்கார்ந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய குழாயைத் தானே செலுத்திப் பையைக் காலி செய்யக் கற்றுக்கொடுத்தார். அக்கா முதலில் அழுதாள், அப்புறம் பழகிவிட்டது. படுக்கும் முன் ஒருமுறை செய்தால் இரவு தூங்க முடிகிறது. அடிக்கடி வந்த சிறுநீர்த் தொற்றும் குறைந்தது. தொற்று வந்து காய்ச்சல் ஏறினால் பழைய அறிகுறிகள் எல்லாம் திரும்பி அட்டாக் மாதிரியே தெரியும், தேவையில்லாமல் ஸ்டீராய்டு ஏறும்.

காலில் விறைப்பு இருந்தால் பேக்லோஃபென் உதவும். அளவு கூடினால் கால் தொய்ந்துவிடும், ஆகவே மெல்ல ஏற்ற வேண்டும். நடைக்கு ஃபேம்ப்ரிடின் மாத்திரை இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் வேலை செய்யும், ஆனால் செய்பவர்களுக்கு நடை வேகம் நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும், தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். வலிப்பு வந்தவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது. களைப்புக்கு மாத்திரைகளை நம்பிப் பயனில்லை. அமன்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வந்தது, எதுவும் ஜெயிக்கவில்லை. உடற்பயிற்சியும், வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்வதும், தூக்கத்தைச் சரிசெய்வதும்தான் களைப்புக்கு உதவுகின்றன. புகைப்பவர் நிறுத்தினால் நோய் முற்றும் வேகம் குறையும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே சேதமான நரம்புகளில் சைகை தடுமாறும், பார்வை மங்கும், கால் துவளும். ஊத்தாஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1890-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். சென்னை, மதுரை, வேலூர் மே மாதத்தில் இது என்ன பாடுபடுத்தும் என்று நம் வீடுகளுக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீரும் கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டும் உடனடியாக உதவும். பிசியோதெரபிக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது. எங்கள் வீட்டில் கடைசியில் ஒரு அறைக்கு ஏ.சி. போட்டோம். பலூனுக்கு என்று எடுத்துவைத்த பணத்திலிருந்துதான் அத்தான் அதை வாங்கினார்.

அப்படியும் கழுத்துச் சிரையில் சந்தேகம் இருந்தால்

எம்.எஸ். உள்ளவருக்கும் மற்றவர்களைப் போலவே சிரையில் உண்மையான நோய் வரலாம். கழுத்து ஒருபக்கம் திடீரென்று வீங்கி வலித்தால் சிரைக்குள் ரத்தக்கட்டி இருக்கலாம், அதற்கு உடனே சிகிச்சை வேண்டும். விடாத தலைவலி, குனிந்தால் பார்வை இருட்டுவது, காதில் நாடித்துடிப்பு கேட்பது என்றால் மூளை அழுத்தம் கூடியிருக்கிறதா என்று கண் நரம்பைப் பரிசோதிக்க வேண்டும். இவற்றுக்கான சிகிச்சை அந்தந்த நோய்க்காகச் செய்யப்படுவது. எம்.எஸ். சரியாகும் என்று அதில் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பலூன் பக்கம் போகிறேன் என்று எம்.எஸ். மருந்தை நிறுத்தவே கூடாது. நாட்டலிசுமாப், ஃபிங்கோலிமோட் இரண்டில் எதைச் சட்டென்று நிறுத்தினாலும் அடக்கிவைத்த நோய் பலமடங்காகத் திரும்ப வரக்கூடும்.

ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவர்களும் நம்மிடையே இருக்கலாம். வெட்கப்பட்டு நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வைத்த இடம், தேதி, ஸ்டென்டின் வகை எழுதிய அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு எம்.ஆர்.ஐ.க்கு முன்பும் அதைக் காட்ட வேண்டும். ரத்தம் உறையாமைக்கான மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், யாரும் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் தொடரவும் வேண்டாம். ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, ஸ்டென்ட் இடத்தில் இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்து முடிவு செய்யுங்கள். கழுத்து வீக்கம், மூச்சுத்திணறல், படபடப்பு, நெஞ்சுவலி இவற்றில் எது திடீரென்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், கழுத்துச் சிரையில் ஸ்டென்ட் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.